போன பறவையும் வந்த பறவையும்

"பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் மொரீஷியஸ் தீவுக்குப் போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வருவதாக உத்தேசம். கடற்கரையைத் தவிர அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? கடற்கரைதான் நம் ஊரிலேயே இருக்கிறதே!" என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. விமானக் கட்டணம் கொடுத்துப் போய், மணலில் உட்கார்ந்து, சுண்டல்கூட இல்லாமல் அலையை எண்ணிவிட்டு வருவானேன்?

முதலில் தீவின் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்து மகாசமுத்திரத்தில், மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 800 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது மொரீஷியஸ். நீளம் ஏறக்குறைய 65 கிலோ மீட்டர், அகலம் 45. எங்கே தங்கினாலும் எந்த மூலைக்கும் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவங்கள் தலைகீழ். இங்கே சித்திரை வெயில் கொளுத்தும்போது அங்கே வெயில் தணிய ஆரம்பித்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரையில் புயல் காலம். அப்போது போகாமலிருப்பது நல்லது. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். பணம் அங்கேயும் ரூபாய்தான். நோட்டை எடுத்துப் பார்த்தால் அதில் தமிழ் எழுத்து இருக்கும்! நம்மவர்கள் அங்கே போய்த் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பதன் அடையாளம் அது.

ஊர்ப் பெயர்கள்தான் கொஞ்சம் வாயில் நுழையாது. பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர்கள். எழுதுவது ஒன்று, சொல்லுவது வேறு. ஆனால் எல்லாமே அப்படி அந்நியமாக இருக்காது. 'பாம்ப்ளமூஸ்' என்று ஓர் ஊர். என்னவோ என்று மிரள வேண்டாம். நம் பம்பளிமாஸ் பழம்தான்!

அந்தத் தீவு பிறந்ததே நெருப்பில். சுமார் 80 லட்சம் வருஷங்களுக்கு முன்னால் கடலடியிலிருந்து எரிமலை கக்கிய குழம்பு எழும்பித் தரையாயிற்று. இதை நேரில் காண வேண்டுமானால் க்யூர்ப்பீப் என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள 'ட்ரூ ஓ ஸெர்' என்ற இடத்துக்குப் போங்கள். 'மான் பள்ளம்' என்று அர்த்தம். எரிமலையின் வாய் அது. சுமார் 80 மீட்டர் ஆழம். இப்போது நெருப்பும் இல்லை, புகையும் இல்லை; உள்ளே மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. விளிம்பைச் சுற்றி நடந்து வந்தால் ஊரும் மலைகளும் தெரியும். இன்னொரு எரிமலை வாயில் தண்ணீர் நிரம்பி ஏரியாகிவிட்டது. அதற்குக் 'கங்கா தலாவ்' என்று பெயர் வைத்து, சிவராத்திரிக்குத் தீவின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஜனங்கள் நடந்தே வந்து சேருகிறார்கள்.

நெருப்பு விட்டுப்போன இன்னொரு வேடிக்கை ஷமாரெல் கிராமத்தில் இருக்கிறது. சிவப்பு, பழுப்பு, மஞ்சள், ஊதா, நீலம் என்று ஏழு நிறங்களில் மண் மேடுகள்! யாரோ சாயப்பொடியைக் கொட்டிவிட்டுப் போனாற்போல இருக்கும். எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை மழையிலும் வெயிலிலும் மக்கிக் களிமண்ணாயிற்று. அதில் இரும்பு மிகுந்த பகுதி சிவந்தது. அலுமினியம் மிகுந்த பகுதி நீலமும் ஊதாவுமாயிற்று. மேகம் மூடினால் நிறம் மங்கிவிடும்; வெயிலுள்ள நேரமாகப் பார்த்துப் போகவும். பக்கத்திலேயே ஓர் அருவி, ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாக விழுகிறது.

அங்கிருந்து தென்மேற்குக் கோடிக்கு வந்தால் கடலை ஒட்டி ஒரு குன்று செங்குத்தாக நிற்கிறது. பெயர் லெ மோர்ன். உயரம் 556 மீட்டர். பார்ப்பதற்கு அழகு, கதையைக் கேட்டால் நெஞ்சு கனக்கும். கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் இதன் உச்சியிலும் குகைகளிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835-இல் அடிமை முறை ஒழிந்தது. அந்த நல்ல சேதியைச் சொல்லப் போலீசார் ஏறி வந்தபோது, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்துப் பலர் கடலில் குதித்துவிட்டதாகத் தீவு மக்கள் சொல்லிவருகிறார்கள். 2008-இல் இந்தக் குன்று உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

பிறகு, பம்பளிமாஸ் ஊரின் தாவரத் தோட்டம். பதினெட்டாம் நூற்றாண்டில் அதை வளர்த்தவர் பியேர் ப்வாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர். 'ப்வாவ்ர்' என்றால் மிளகு! பெயருக்கு ஏற்றபடி கிராம்பையும் ஜாதிக்காயையும் கீழைத் தீவுகளிலிருந்து தருவித்து அங்கே பயிரிட்டார். குளத்தில் மிதக்கும் ராட்சச அல்லியின் இலை ஒவ்வொன்றும் பெரிய தாம்பாளத்தைத் தோற்கடிக்கும். நம் பக்கத்துத் தாளிப்பனையும் அங்கே உண்டு. அது பல பத்தாண்டுகள் காத்திருந்து, ஆயுளில் ஒரே தடவை பூத்துக் காய்த்து, அத்தோடு பட்டுப்போகும்.

இதுவரையில் சொன்னதை எந்தப் பிரயாண ஏஜெண்டும் சொல்லுவார். இனிமேல் சொல்லப் போவதைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வர வேண்டும்.

மொரீஷியஸில் எந்தக் கடைக்குப் போனாலும் குண்டு உடம்பும் வளைந்த மூக்குமாக ஒரு பறவை உங்களைப் பார்த்து விழிக்கும். பொம்மையில், துவாலையில், சாவிக் கொத்தில் எல்லாம் அதுதான். டோடோ! உலகத்தில் வேறெங்குமே இல்லாமல் இந்த ஒரு தீவில் மட்டும் வாழ்ந்த பறவை. பறக்கத் தெரியாது. பறக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அதைத் துரத்த அங்கே ஒரு பிராணியும் இல்லை. 1598-இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கருங்காலி மரங்களை வெட்டினார்கள். கப்பல்களோடு எலி, பன்றி, குரங்கு எல்லாம் தீவில் நுழைந்து, தரையில் கிடந்த முட்டைகளைத் தின்று தீர்த்தன. டோடோவைக் கண்ணால் கண்டதாக 1662-இல் எழுதி வைத்த குறிப்பையே கடைசிச் சாட்சியமாகப் பலர் கொள்கிறார்கள். முழுசாக ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை, பாருங்கள்!

தலைநகரமான போர்ட் லூயியில் இயற்கைப் பொருட்காட்சிசாலை இருக்கிறது. அங்கே உள்ள டோடோ எலும்புக்கூட்டைத் தவறவிடாதீர்கள். ஒரே பறவையின் எலும்புகள் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்திருப்பது அது ஒன்றுதான். கண்டெடுத்தவர் பெரிய விஞ்ஞானி அல்ல. தியீரியூ என்ற க்ஷவரத் தொழிலாளி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒழிந்த நேரங்களில் மலையேறிக் குகைகளைத் துழாவி அதைச் சேகரித்தார். டோடோ புறா ஜாதி. இன்று உயிரோடிருக்கும் அதன் மிக நெருங்கிய உறவு எது தெரியுமா? நம் நிக்கோபார் தீவுகளில் வாழும் நிக்கோபார் புறாதான்!

டோடோவுக்குப் பிறகும் கோடரி ஓயவில்லை. காடு போய்க் கரும்பு வந்தது. வழியெல்லாம் கரும்பு வயல்களின் நடுவே கோபுரம் போல் கருங்கல் குவியல்களைக் காண்பீர்கள். நிலத்தைச் சீர் செய்த கூலியாட்கள் கையால் பொறுக்கிக் குவித்தவை. 1834-க்குப் பிறகு கப்பலேறிய நம் நாட்டவர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. இன்றைக்கு நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் பழைய காடு தீவில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அதில் பெரும்பகுதி 'பிளாக் ரிவர் கார்ஜஸ்' தேசியப் பூங்காவில், 1994 முதல் பாதுகாப்பில் இருக்கிறது. பள்ளத்தாக்கும் அருவியும் மூடுபனியுமாக, அரை நாள் நடப்பதற்கு அருமையான இடம்.

அந்தக் காட்டில்தான் ஆச்சரியம் நடந்தது. மொரீஷியஸ் வல்லூறு என்று ஒரு சின்ன வேட்டைப் பறவை. காடு குறைந்தது, பூச்சி மருந்து உடம்பில் ஏறியது, குஞ்சைக் குரங்கு தூக்கிற்று. 1974-இல் காட்டில் இருந்தவையாகத் தெரிந்தவை நான்கே நான்கு! 'இதுவும் டோடோ வழிதான்' என்று உலகம் கைகழுவத் தயாராயிற்று. 1979-இல் கார்ல் ஜோன்ஸ் என்ற இளைஞர் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்து சேர்ந்தார். தாய்ப்பறவை இடும் முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துவிட்டால் அது மறுபடியும் முட்டையிடும். எடுத்ததைக் கருவியில் பொரித்து, கையால் இரை ஊட்டி வளர்த்து, காட்டில் கூடு கட்டப் பெட்டிகள் வைத்து விட்டார்கள். நான்கு, பத்தாகி, நூறாகி, இன்று சில நூறு. 1990-ஐ ஒட்டிப் பத்து போல மிஞ்சியிருந்த இளஞ்சிவப்புப் புறாவும் இப்படியே மீண்டது. டோடோவின் சொந்தத் தீவில், டோடோவின் தாயாதி அது!

அந்தப் புறாவைப் பார்க்கத் தென்கிழக்கே, மாயேபூர் ஊருக்கு எதிரே 'ஈல் ஓ ஸெக்ரெத்' என்ற கொக்குத் தீவுக்குப் படகில் போக வேண்டும். 26 ஹெக்டேர்தான். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். அங்கே ராட்சச ஆமைகள் உலாவுகின்றன. மொரீஷியஸின் சொந்த ஆமைகள் அழிந்துபோனதால், அல்டாப்ரா தீவின் இனத்தை 2000-இல் கொண்டுவந்து விட்டார்கள். அவை கருங்காலிப் பழத்தைத் தின்று விதையை அங்கங்கே போட, புதுக் கன்றுகள் முளைத்துவிட்டன. காட்டை வளர்க்கும் தோட்டக்காரன் ஆமை!

இவ்வளவு பாடுபட்டதற்கும் 2020-இல் ஓர் ஆபத்து வந்தது. ஜூலை 25-ந் தேதி 'வாகாஷியோ' என்ற கப்பல் பவளப் பாறையில் மோதி, பிறகு உடைந்து, சுமார் ஆயிரம் டன் எண்ணெய் அந்தக் கடலில் கலந்தது. தீவு ஜனங்கள் காத்திருக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணியில் அடைத்துத் தைத்து, நீளமான மிதவைகளாக்கிக் கடலில் வேலி போட்டார்கள். எண்ணெயை உறிஞ்சுமென்று தலைமயிரை வெட்டிக் கொடுத்தவர்களும் உண்டு.

ஆகையால் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். 'நீல வளைகுடா'வில் கண்ணாடி அடிப் படகிலிருந்து பவளப் பூச்சிகளின் மாளிகையைப் பாருங்கள், இறங்கி மிதிக்காதீர்கள். பவளமும் சங்கும் விலைக்கு வந்தாலும் வாங்க வேண்டாம். பூங்காவில் குரங்கு கை நீட்டும். குற்றாலத்துப் பழக்கத்தில் கடலையை நீட்டாதீர்கள்; அது அங்கே முட்டை திருடும் வந்தேறி. காட்டில் மண்டிக் கிடக்கும் சீனக் கொய்யாவும் வந்தேறிதான், ஆனால் ருசியானது. அதைத் தாராளமாகத் தின்னலாம்!

கொக்குத் தீவுக்குக் கட்டணம் உண்டு. கொஞ்சம் அதிகமாகத் தோன்றும். அந்தப் பணம் மரம் நடவும் பறவைகளைக் காக்கவும் உதவுகிறது. பொம்மை டோடோ ஒன்று குறைவாக வாங்கினால் சரியாகப் போயிற்று!