தூரக் கணக்கு வானத்தில் செல்லாது

மே 2025 இந்தியா-பாகிஸ்தான் மோதலுக்குப் பிறகு டீக்கடை பெஞ்சிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை எல்லோரும் ஏவுகணை நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். சீனாவின் பிஎல்-15 எவ்வளவு தூரம் பாயும், ரஃபேல் விமானத்தின் மீட்டியோர் எவ்வளவு பாயும் என்று கிலோமீட்டர் கணக்கை அடுக்கி, அதிலேயே வெற்றி தோல்வியையும் அறிவித்துவிடுகிறார்கள். விமானப்படையின் ஏவுகணைப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த அட்டவணைப் போரைக் கேட்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

மீட்டியோர் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, ஏவுகணையின் மோட்டார் எரிவது சில விநாடிகள்தான். அதற்குப் பிறகு, சேர்த்துவைத்த வேகத்தில்தான் அது போய்க்கொண்டிருக்கும். உயரத்தில் வேகமாகப் பறந்தபடி, எதிரே வரும் விமானத்தின் மீது ஏவினால் ஒரு தூரம். எதிரி திரும்பி ஓட ஆரம்பித்தால் அதில் ஒரு பங்குதான் மிஞ்சும். விளம்பரத் தாளில் அச்சாவது முதல் கணக்கு மட்டுமே.

தாளில் உள்ள கணக்கு களத்தில் செல்லாது என்பதை வியட்நாம் போரில் அமெரிக்கா அனுபவித்துத் தெரிந்துகொண்டது. அதன் எஃப்-4 பேன்டம் ஒலியைப் போல இரு மடங்கு வேகம் போகும். கண்ணுக்கெட்டாத தூரத்தில் தாக்க ஸ்பாரோ ஏவுகணை இருந்தது. இனி பீரங்கி எதற்கு என்று அதை விமானத்தில் வைக்கவே இல்லை. களத்திலோ எதிரியைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே சுட வேண்டும் என்ற விதி பெரும்பாலும் கையைக் கட்டிப்போட்டது. பக்கத்தில் போனால், எதிரியின் சின்ன மிக் விமானங்கள் சட்டென்று வளைந்து தப்பின. 1965-68 காலத்தில் ஏவிய சுமார் 600 ஏவுகணைகளில் பத்துக்கு ஒன்றுதான் விமானத்தை வீழ்த்தியது என்றது கடற்படை அதிகாரி ஃபிராங்க் ஆல்ட்டின் அறிக்கை.

ஏவுகணைகளைக் கையாண்ட விதத்தையும் அந்த அறிக்கை குறை சொன்னது. அது எனக்கு நன்றாகப் புரியும். பெட்டியைத் திறந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது சிலிகா ஜெல்லின் நிறத்தைத்தான். நீலமாக இருந்தால் நிம்மதி. இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் ஈரம் புகுந்துவிட்டது. எவ்வளவு விலை உயர்ந்த ஏவுகணையானாலும் அதைச் சோதிக்காமல் இறக்கையில் மாட்ட முடியாது.

அடுத்து நடந்ததுதான் பாடம். அமெரிக்க விமானப்படை எஃப்-4இ-யில் பீரங்கியைப் பொருத்தியது; கடற்படை பராமரிப்பைச் சீராக்கி, 1969-இல் மிராமரில் ‘டாப் கன்’ பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. பீரங்கி இல்லாத அதே பேன்டம்களை வைத்துக்கொண்டே, தான் இழந்த விமானம் ஒன்றுக்கு வீழ்த்திய எதிரி விமானம் இரண்டு என்றிருந்த கணக்கைக் கடற்படை சுமார் பன்னிரண்டாக உயர்த்தியது. விமானப்படையின் கணக்கோ பெரிதாக மாறவில்லை.

எனவே இந்தியாவின் ரஃபேலா, பாகிஸ்தானின் ஜே-10சி-யா என்று யாராவது ஆரம்பித்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். விமானி ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பறக்கிறார்? ரேடார் விமானம் அவருக்குத் தகவல் தருகிறதா? கிடங்கில் உள்ள ஏவுகணைகளில் எத்தனை இன்றே ஏவும் நிலையில் இருக்கின்றன? இவற்றுக்குப் பதில் இல்லாத ஒப்பீடு வெறும் அரட்டை.