மகுடமா? மன்றமா? மக்களா?

மன்னனுக்குக் கடிவாளமிட்ட வரலாறு மேலைநாட்டார்க்கே உரியதென்று எண்ணுவோர் உளர். நைஜீரியாவின் யொருபா மக்களை அவர்கள் அறியார்.

ஓயோப் பேரரசின் மன்னன் அலாஃபின். அவனைத் தேர்ந்தெடுப்பதும் அவனைத் தீர்த்துக்கட்டுவதும் எழுவர் கொண்ட ஓயோ மெசி மன்றத்தின் உரிமை. மன்றத்தின் தலைவன் பாஷோருன். மன்னன் கொடியவனானால் அவனுக்கு வெறும் சுரைக்குடுவையோ, கிளி முட்டையோ அனுப்பப்படும். பொருள் என்ன? உன் உயிரை நீயே மாய்த்துக்கொள் என்பதே!

முடிக்கும் முடிவுண்டு என்று கண்ட அம்மக்களைப் பாராட்டுகிறோம். ஆனால், பாராட்டோடு நின்றுவிடுவதா பகுத்தறிவு? தெய்வங்கள் வெறுத்தன, மக்கள் வெறுத்தனர், மண்ணும் வெறுத்தது என்பதே அன்றைய தீர்ப்பு. மக்கள் வெறுத்தனர் என்று சொன்னவர் எழுவர். மக்களைக் கேட்டவர் எவர்? மக்கள் வெறுத்தது மெய்யாயின், தெய்வத்தின் கையொப்பம் எதற்கு?

விடை பதினெட்டாம் நூற்றாண்டிலே இருக்கிறது. 1754 முதல் 1774 வரை பாஷோருன் காஹா ஆட்டிப் படைத்தான். அலாஃபின்களை அடுத்தடுத்துச் சாவுக்கு அனுப்பினான். கொடுங்கோலைத் தடுக்க வந்த மன்றமே கொடுங்கோலாயிற்று! அவனை வீழ்த்தியவன் யார்? அபியோடுன் என்னும் மற்றொரு மன்னன். மகுடம் மன்றத்தை விழுங்கிற்று. மன்றம் மகுடத்தை விழுங்கிற்று. மக்களோ வேடிக்கை பார்த்தனர்.

இருவருக்கும் நடுவராக நின்றது இஃபா என்னும் குறி. பதினாறு பனங்கொட்டைகள், 256 குறிகள், ஒவ்வொன்றுக்கும் எண்ணற்ற பாடல்கள்! அவற்றை நெஞ்சிலே சுமக்கும் பாபலாவோக்களின் நினைவாற்றலை வணங்கலாம். அது இலக்கியச் செல்வம். ஆனால், கொட்டை பேசுவதில்லை; கொட்டையைப் படிப்பவன் பேசுகிறான். 2025 ஜனவரியில் ஓயோ மாநில அரசு புதிய அலாஃபினை அறிவித்தபோது, குறி கேட்டே முடிவெடுத்ததாகக் கூறிற்று. மன்றத்தாரில் ஒரு பகுதியினரோ, தாம் தேர்ந்தவர் வேறொருவர் என்றனர். குறி பூசலைத் தீர்த்ததா? இல்லை, பூசலுக்குப் புதுப்பெயர் சூட்டிற்று!

அதே யொருபா மண்ணில் அபெயோகுட்டா நகரைப் பாருங்கள். பெண்களுக்கு வரி உண்டு, வாக்கு இல்லை. பள்ளி ஆசிரியை ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டி தலைமையேற்றார். பல்லாயிரம் பெண்கள் திரண்டனர். கிளி முட்டை அனுப்பினார்களில்லை. தெய்வத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்தார்களில்லை. தம் குறையைத் தம் வாயாலேயே உரைத்தனர். 1949இல் அலாகே இரண்டாம் அடெமோலா அரியணையை விட்டு அகன்றார். 1950இல் அவர் மீண்டு வந்தார் என்பது உண்மையே. ஆனால், அரியணையை அசைத்தது எது என்பதை உலகம் கண்டுவிட்டது.

மகுடமா, மன்றமா என்று நம்மைக் கேட்போர்க்கு நாம் கூறுவது இது: ஒருவன் ஆண்டாலும் எழுவர் ஆண்டாலும், கேள்வி கேட்கும் உரிமை மக்களிடம் இல்லையேல் இரண்டும் ஒன்றே. குறி சொல்வோனைக் கேளாதீர், தோழர்களே! வரி கட்டுவோனைக் கேளுங்கள்!