முதல் நாளே சொல்லிவிடுங்கள்



பூந்தமல்லியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ஃபுகுஷிமா விபத்தைப் பற்றி டிவியில் ஏதோ நிகழ்ச்சி பார்த்தாராம். “கல்பாக்கத்தில் அந்த மாதிரி ஏதாவது ஆச்சுன்னா நமக்கு யார் சொல்லுவாங்க? எப்போ சொல்லுவாங்க?” என்று கேட்டிருக்கிறார். அணு உலை வேண்டுமா, வேண்டாமா என்கிற பெரிய விவாதத்துக்குள் அவர் போகவே இல்லை. குடும்பம் நடத்துகிறவர் கேட்கிற கேள்வி இது. நம் ஏரியாவிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் கல்பாக்கம் சுமார் 60 கிலோமீட்டர்தான்.

இந்தக் கேள்வியை அவர் கேட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். பதில் தேடிப் போனால், 2011 மார்ச் 11-க்குப் பிறகு நடந்தவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன.

அன்று ஜப்பானில் 9 அளவிலான நிலநடுக்கம். தொடர்ந்து வந்த சுனாமியில் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின. உலைகளைக் குளிர்விக்க கரண்ட் இல்லாமல் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. மறுநாள் முதல் உலைக் கட்டடம் ஹைட்ரஜன் வாயுவால் வெடித்தது. அந்த வெடிப்புக் காட்சியை உலகம் முழுக்க சேனல்கள் திரும்பத் திரும்ப ஓட்டின. என்ன நடந்தது, யாருக்கு ஆபத்து என்று விளக்கியவர்கள் குறைவு.

விளக்கம் வராத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொண்டது. ‘மழை பெய்தால் வெளியே போகாதீர்கள், கழுத்தில் பீட்டாடின் தடவுங்கள்’ என்று பிபிசி பெயரில் ஒரு பொய் எஸ்எம்எஸ் ஆசிய நாடுகளில் சுற்றியது. பிலிப்பைன்ஸில் அதை நம்பி ஒரு பல்கலைக்கழகம் வகுப்புகளையே ரத்து செய்தது. சீனாவில் அயோடின் உப்பு கதிர்வீச்சைத் தடுக்கும் என்று யாரோ கிளப்பிவிட, கடைகளில் உப்பு பாக்கெட்டுகள் காலி.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அணு விபத்தின்போது பெரியவர்களுக்குக் கொடுக்கும் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. நம் வீட்டு உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் ஒரு மாத்திரைக்கு ஈடாக ஆறு கிலோவுக்கு மேல் உப்பு சாப்பிட வேண்டும்! கதிர்வீச்சுக்கு முன்னால் உப்பே ஆளைக் கொன்றுவிடும். இந்தச் சின்னக் கணக்கை முதல் நாள் மாலையே யாராவது டிவியில் எளிமையாகச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் வரிசையில் நிற்காமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள்?

ஆனாலும் அந்த வரிசையில் நின்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாம் என்ன செய்தோம்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் வாங்குகிற வீடுகளில்கூட வாரக்கணக்கில் மீன் வாங்கவில்லை. கடலில் அத்தனை பேர் போன பிறகு மீனை எப்படிச் சாப்பிடுவது என்று பயம். மீன் பாதுகாப்பானதுதான் என்று சொன்ன குரல் வீடுகளுக்குள் வந்து சேர்வதற்குள், ஏற்கெனவே எல்லாம் இழந்திருந்த மீனவர்களின் பிழைப்பு இன்னும் ஒருமுறை அடிவாங்கியது.

சரியாகச் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள். அதற்கு ஜப்பானிலேயே சாட்சி இருக்கிறது. மார்ச் 23-ம் தேதி டோக்கியோவின் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரில் கதிரியக்க அயோடின் கிலோவுக்கு 210 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருப்பது தெரிந்தது. குழந்தைகளுக்கான வரம்பு 100, பெரியவர்களுக்கு 300. டோக்கியோ நகர அரசு மறைக்கவில்லை. பெரியவர்கள் குடிக்கலாம், கைக்குழந்தைக்குப் பால் கலக்க இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று அன்றைக்கே அறிவித்தது. கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கு பாட்டில் தண்ணீர் கொடுத்தது. அளவு குறைந்ததும் மறுநாளே தடையை விலக்கியது. கடைகளில் பாட்டில்கள் தீர்ந்துபோனது உண்மைதான். ஆனால், ஒரு தாய்க்கு அடுப்படியில் நிற்கும்போது தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

அதே நாட்டில் நமியே என்ற ஊருக்கு என்ன ஆனது தெரியுமா? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கதிர்வீச்சு எங்கே போகும் என்று கணக்கிடும் கம்ப்யூட்டர் வசதி அரசிடம் இருந்தது. அந்தத் தகவலை உடனே வெளியிடவில்லை. நமியே மக்கள் அணு உலையை விட்டுத் தள்ளிப் போகிறோம் என்று நம்பி சுஷிமா என்ற மலைப்பகுதிக்குப் போய்த் தங்கினார்கள். கதிர்வீச்சும் அந்தப் பக்கம்தான் போனது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போன பெற்றோரின் மனசை நினைத்துப் பாருங்கள். இதை என்னால் ஆற்றிக்கொள்ளவே முடியவில்லை.

எரிபொருள் உருகிவிட்டது என்பதை அணுமின் நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம் ஒப்புக்கொண்டதே மே மாதத்தில்தான். ‘உருகியது’ என்ற சொல்லை அதுவரை தவிர்த்தது மூடிமறைப்புதான் என்று நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டது 2016-ல். கதிர்வீச்சால் உடனடியாக இறந்தவர் யாருமில்லை. ஆனால், ஃபுகுஷிமா மாகாணத்தில் ஊரைக் காலி செய்த அலைச்சலிலும் அதன் பின்விளைவுகளிலும் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். அதனால் ‘எல்லாரும் ஓடுங்கள்’ என்று கத்துவதும் ஆபத்து. ஒன்றுமே சொல்லாமல் இருப்பதும் ஆபத்து.

நம் நாட்டுக்கு வருவோம். 2003 ஜனவரியில் கல்பாக்கம் அணு எரிபொருள் மறுசெயலாக்க ஆலையில் ஆறு ஊழியர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். பல மாதம் கழித்துத்தான் அது வெளியே வந்தது. 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளத்தில் சைபர் தாக்குதலே இல்லை என்று அணுமின் நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே, நிர்வாகப் பிரிவு கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் இருந்தது உண்மை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனி, அவற்றுக்குப் பாதிப்பில்லை என்றார்கள். முதல் அறிக்கையிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே? ஒரு நாள் மறுத்துவிட்டு மறுநாள் ஒப்புக்கொண்டால், மூன்றாம் நாள் சொல்லும் உண்மையை யார் நம்புவார்கள்?

நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். 2004 சுனாமியன்று கல்பாக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த உலையின் பம்ப் ஹவுஸில் கடல்நீர் புகுந்தபோது, ஊழியர்கள் பத்திரமாக உலையை நிறுத்தினார்கள். அவர்களுடைய குடியிருப்பிலேயே அன்று உயிர்ச்சேதம். அந்த நிலையிலும் வேலையைச் சரியாகச் செய்தவர்கள் அவர்கள். இவ்வளவு பொறுப்பான ஊழியர்கள் இருக்கும்போது நிர்வாகத்துக்கு மக்களிடம் பேச என்ன தயக்கம்?

இனி சொல்லப்போவது நம் பக்கத்து வாசகர்கள் சிலருக்குக் கசக்கலாம். ஃபுகுஷிமாவுக்குப் பிறகுதான் கூடங்குளம் போராட்டம் பெரிதானது. 2011 செப்டம்பரில் கூடங்குளம் பக்கத்து இடிந்தகரையில் 127 பேர் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். பெண்கள் பந்தலில் பீடி சுற்றிக்கொண்டே போராடினார்கள்; அன்றைய கூலியை விட்டுவிட அவர்களுக்கு வழியில்லை. அதே நேரத்தில் தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் கட். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு அது என்ன என்று உங்களுக்கே தெரியும். ஜாப் பாதியில் நிற்கும், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினால் லாபம் அதிலேயே போய்விடும், பீஸ் ரேட்டுக்கு வேலை பார்ப்பவர் வெறுங்கையோடு பஸ் ஏறுவார். ‘அங்கே போராடுகிறார்கள், இங்கே நமக்கு கரண்ட் இல்லை’ என்ற பேச்சு டீக்கடை தோறும் இருந்தது. பத்திரிகைகளும் டிவி விவாதங்களும் அதைத்தான் ஊதிவிட்டன: மின்சாரமா, போராட்டமா? இரண்டு பக்கமும் கூலிக்காரர்கள்தான் நின்றார்கள் என்று எழுதியவர்கள் எத்தனை பேர்?

அப்துல் கலாம் 2011 நவம்பரில் நேரில் போய்ப் பார்த்து, உலை பாதுகாப்பானது என்றார். 200 கோடி ரூபாய்க்கு வளர்ச்சித் திட்டமும் சொன்னார். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால், இடிந்தகரைப் பெண்கள் கேட்டது ‘ஏதாவது ஆனால் எங்களை எப்படிக் கூட்டிப்போவீர்கள்?’ என்பது. அதற்கு வந்த பதில் ஆயிரக்கணக்கானவர்கள் மீது தேசத்துரோக வழக்கு, 2012 செப்டம்பரில் கடற்கரையில் தடியடி, மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவரின் உயிர். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி கொடுத்தபோதுகூட, பாதுகாப்பு தொடர்பாக 15 உத்தரவுகளைப் போட்டு, போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலவேண்டும் என்றும் சொன்னது. கேள்வி கேட்டது குற்றம் இல்லை என்றுதானே இதற்கு அர்த்தம்?

அந்தக் கேள்வியின் அருமை நமக்கு 2015 டிசம்பர் வெள்ளத்தில் புரிந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள், எப்போது வரும் என்று தெரியாமல் அடையாறு ஓரத்துக் குடும்பங்கள் இரவெல்லாம் தவித்தன. ஏரி உடைந்துவிட்டது என்று ஒரு பேச்சு, இல்லை என்று ஒரு பேச்சு. முடிச்சூரிலோ மணப்பாக்கத்திலோ உறவுக்காரர் இல்லாத வீடு நம் பக்கம் உண்டா?

வாசகியின் கேள்விக்கு வருகிறேன். கல்பாக்கத்தில் ஆலைக்கு வெளியே இருப்பவர்களுக்கான அவசரகாலத் திட்டம் 16 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தை வைத்துப் போடப்படுவது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு. நாம் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறோம். அதனால் நம்மை அவசரமாக ஊரைவிட்டுக் கிளப்பும் நிலை வருவது அரிது. ஆனால் பால், காய்கறி, மீன், கேன் தண்ணீர் இவையெல்லாம் வட்டம் பார்த்து நிற்பதில்லை. எந்த நம்பருக்குப் போன் செய்ய வேண்டும், எந்த அலுவலகத்தின் அறிவிப்பை நம்ப வேண்டும், எந்தப் பொருளைச் சோதிப்பார்கள், சோதனை முடிவை எங்கே ஒட்டுவார்கள்? ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுகிற அளவுக்கு ஒரே ஒரு பக்கம், பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற தமிழில், அமைதியான இந்த நாட்களிலேயே அணுமின் நிலையமும் மாவட்ட நிர்வாகங்களும் அச்சடித்துக் கொடுக்கட்டும்.

அடுத்த முறை உங்கள் கவுன்சிலரையோ எம்எல்ஏவையோ பார்க்கும்போது ரோடு, சாக்கடையோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். வருகிற பதில்களை அப்படியே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்