சுவிட்சை மாற்றச் சட்டம் தடையில்லை. சுவருக்குள் இருப்பதை யார் சொல்வது?

வீட்டில் பழுதான விளக்கு சுவிட்சைக் குடியிருப்பவரே மாற்றலாமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான விடை உண்டு. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் அல்லாதோர் மின்னமைப்பு வேலை எதையும் செய்யலாகாது என்று தடுத்த 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45-ஆவது விதி, விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதற்கு விலக்கு அளித்தது. மின்னமைப்பின் திறனோ தன்மையோ மாறக்கூடாது என்பதே நிபந்தனை. மத்திய மின்சார ஆணையம் 2010-இலும் பின்னர் 2023-இலும் வெளியிட்ட விதிமுறைகளிலும் இந்த விலக்கு நீடிக்கிறது.

ஆகவே 6 ஆம்பியர் சுவிட்சை எடுத்துவிட்டு அதே அளவிலான ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற சுவிட்சைப் பொருத்தலாம். அதே மெல்லிய கம்பியில் 16 ஆம்பியர் சுவிட்ச் வைத்து வெந்நீர் ஹீட்டரை இணைப்பது விதிமீறல். தீ விபத்துக்கும் வழி.

இந்த விலக்கு, சுவருக்குள் எல்லாம் முறையாக இருக்கிறது என்று நம்பி எழுதப்பட்டது. கொச்சியின் மட்டாஞ்சேரியில் அந்த நம்பிக்கைக்கு இடம் குறைவு. மிளகு, இஞ்சிக் கிடங்குகளும் பழைய வீடுகளும் நெருங்கி நிற்கும் பகுதி அது. உப்புக் காற்றும் நீண்ட மழைக்காலமும் செம்பு முனைகளைப் பச்சை படிய வைக்கின்றன. பல கைகள் ஒட்டுப்போட்ட வயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்ற ஒழுங்கை நம்ப முடியாது. விளக்கின் சுவிட்ச் ஃபேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் தனி சுவிட்ச் வைப்பதை விதி தடுக்கிறது. தவறி வைத்திருந்தால் விளக்கு அணைந்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் விளக்குக் கம்பியில் மின்சாரம் ஓடும். அதையும் நிறுத்தி, டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகே திருகைத் தொட வேண்டும். மாடிப்படி விளக்கின் இருவழி சுவிட்சாக இருந்தால், எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் கழற்றலாகாது. கம்பியின் உறை கையிலேயே உதிர்ந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, அனுமதி பெற்ற வயர்மேனை அழைப்பதே அறிவுடைமை.

இணைப்பு பெற்ற ஒவ்வொரு மின்னமைப்பையும் 5 ஆண்டுகளுக்கு மிகாத இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்றும் 1956 விதிகள் கூறின. அந்தச் சோதனை மட்டாஞ்சேரியின் வாடகை வீட்டுக் கதவை எத்தனை முறை தட்டியிருக்கும்? வீட்டுக்காரர் செலவுக்கு அஞ்சுகிறார்; வாடகைக்கு இருப்பவரோ கேட்கவே தயங்குகிறார்.

தில்லியில் எழுதப்படும் இவ்விதிகள் மத்திய அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியாகின்றன. மலையாளமும் தமிழும் கொங்கணியும் குஜராத்தியும் ஒலிக்கும் தெருவில் அவற்றை யார் படிப்பார்? உயிர் காக்கும் விதியை மக்கள் மொழியில் அச்சிட்டு மின்கட்டண ரசீதுடன் அளிக்க மின்வாரியங்களுக்கு ஆணையம் உத்தரவிடலாம். பழைய குடியிருப்புகளில் ஐந்தாண்டுச் சோதனையை மாநில அரசு தன் செலவில் தொடங்கலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.