95, 97, 100: டர்போ கார் கேட்பது எதை?

2016-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சுசூகி பலேனோ, இந்தியாவில் மாருதி தயாரித்துக் கப்பலேற்றிய கார். அதன் உயர் ரகத்தில் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் பூஸ்டர்ஜெட் டர்போ இஞ்சின். திறன் 111 குதிரைத்திறன், டார்க் 160 நியூட்டன் மீட்டர். எரிபொருள் என்ற கட்டத்தில் பிரீமியம் பெட்ரோல் என்று போட்டிருந்தார்கள். 2017 ஜனவரியில் அதே சுசூகி அதே குடும்பத்து இஞ்சினை ஜப்பானிய ஸ்விஃப்டில் வைத்தது. இந்த முறை சாதாரண பெட்ரோலே போதும் என்றது. திறன் 102, டார்க் 150. அதே ஆண்டு நம்மூருக்கு வந்த பலேனோ ஆர்எஸ்ஸிலும் இதே 102, இதே 150தான்.

ஒன்பது குதிரைத்திறன் எங்கே போயிற்று? இந்த இஞ்சினுக்கு இந்த பெட்ரோல்தான் கிடைக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்து, டர்போ எவ்வளவு அழுத்தலாம், பொறி எப்போது விழலாம் என்பதையெல்லாம் இஞ்சினின் கணினியில் எழுதிவைத்தார்களே, அந்தக் கணக்கில் போயிற்று. இதன் மறுபக்கம்தான் நமக்கு முக்கியம். 102 குதிரைத்திறன் காரில் ஜப்பானின் விலையுயர்ந்த பெட்ரோலைக் கழுத்துவரை நிரப்பினாலும் அது 111 ஆகிவிடாது. எழுதப்படாததை இஞ்சின் செய்யாது.

நெக்ஸான், வென்யூ, ஃப்ரான்க்ஸ், டைகன், 3எக்ஸ்ஓ என்று ஒரு லிட்டரிலும் 1.2 லிட்டரிலும் டர்போ கார்கள் இப்போது தெருவுக்குத் தெரு நிற்கின்றன. பங்க்கில் 'நார்மலா, பிரீமியமா சார்?' என்ற கேள்விக்கு ஓட்டுகிறவர் ஒரு நொடி யோசிக்கிறார். டர்போ என்றால் நல்ல பெட்ரோல்தானே போட வேண்டும் என்கிறது ஒரு மனம். லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூட எதற்கு என்கிறது இன்னொரு மனம். இரண்டு பக்கமும் பாதிப் பாதி நியாயம் இருப்பதால்தான் இந்தக் குழப்பம் தீராமலே ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஆக்டேன். ஆக்டேன் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஒரு லிட்டர் 91-க்கும் ஒரு லிட்டர் 97-க்கும் உள்ளடங்கிய வெப்ப ஆற்றலில் சொல்லும்படியான வித்தியாசம் கிடையாது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அழுத்திச் சூடாக்கும்போது, தானாகப் பற்றிக்கொள்ளாமல் அது எந்த அளவு தாங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. சுலபமாகத் தானே பற்றும் ஹெப்டேனுக்கு 0, லேசில் பற்றாத ஐசோ-ஆக்டேனுக்கு 100 என்று 1920-களில் வகுத்த அளவுகோல் இது. 95 என்றால், ஐசோ-ஆக்டேன் 95 பங்கும் ஹெப்டேன் 5 பங்கும் கலந்த கலவை தாங்கும் அளவுக்கு அந்தப் பெட்ரோலும் தாங்கும் என்று பொருள். இதை அளக்கத் தனியாக ஓர் ஒற்றை சிலிண்டர் இஞ்சின் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அழுத்த விகிதத்தை மாற்றலாம். நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டி அளப்பார்கள். அந்த இஞ்சினின் அடிப்படை வடிவமைப்புக்குக் கிட்டத்தட்ட நூறு வயது. அதில் டர்போ கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெட்ரோல் தாங்காவிட்டால் என்ன ஆகும்? பிளக்கில் விழும் பொறியிலிருந்து தீ ஒழுங்காகப் பரவ வேண்டும். பரவி முடிப்பதற்குள், ஓரத்தில் இன்னும் எரியாமல் இருக்கும் கலவை, அழுத்தமும் சூடும் தாங்காமல் ஒரே நொடியில் மொத்தமாக வெடித்தால் அதுதான் நாக்கிங். தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்குவது போன்ற அந்தச் சத்தத்தைப் பழைய கார்பரேட்டர் வண்டி ஓட்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேட்டில் டாப் கியரில் ஏறும்போது கேட்கும். மெக்கானிக் டிஸ்டிரிப்யூட்டரைக் கொஞ்சம் திருப்பி 'டைமிங்' தள்ளிவைப்பார். தொடர்ந்து நாக் அடித்தால் பிஸ்டனே சேதமாகும்.

டர்போ இஞ்சினில் இந்த ஆபத்து கூடுதல். சாதாரண இஞ்சின் வெளிக்காற்றை அப்படியே உறிஞ்சி, பிஸ்டனால் ஒருமுறை அழுத்துகிறது. டர்போவோ சிலிண்டருக்குள் போகும் முன்பே ஒருமுறை காற்றை அழுத்திவிடுகிறது. அழுத்தினால் காற்று சூடாகும். இன்டர்கூலர் அதைக் கொஞ்சம் ஆற்றி அனுப்பும். நேரடி இஞ்செக்‌ஷன் உள்ள கார்களில் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படும் பெட்ரோல் ஆவியாகும்போது மேலும் கொஞ்சம் குளிரும். இத்தனைக்கும் பிறகும், ஒரு லிட்டர் இஞ்சினிடம் ஒன்றரை லிட்டர் இஞ்சினின் வேலையை வாங்கினால் அது நாக்கிங்கின் விளிம்பில்தான் ஓடும். 'டர்போவுக்கு நல்ல பெட்ரோல்' என்ற பேச்சில் உள்ள நியாயம் இதுதான்.

ஆனால் இன்றைய காரில் அந்தக் கோலிக்குண்டுச் சத்தம் அநேகமாகக் கேட்காது. சிலிண்டர் பிளாக்கில் திருகி வைத்திருக்கும் ஒரு சின்ன சென்சார், நாக்கிங்கின் அதிர்வை நம் காதுக்கு எட்டும் முன்பே பிடித்துவிடும். உடனே கணினி பொறி விழும் நேரத்தைச் சில பாகைகள் பின்னுக்குத் தள்ளும். தேவைப்பட்டால் டர்போவின் அழுத்தத்தையும் குறைக்கும். ஆபத்து விலகியதும் மெதுவாகப் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அன்று மெக்கானிக் ஸ்பேனரால் செய்ததை இது ஒவ்வொரு நொடியும் செய்கிறது. ஆகவே, சாதாரண பெட்ரோல் போட்டால் டர்போ இஞ்சின் கெட்டுவிடும் என்ற பயம், கம்பெனி அந்தப் பெட்ரோலை அனுமதித்திருக்கும் கார்களில் வீண்.

கெடாது என்பதால் நஷ்டமே இல்லை என்றாகிவிடாது. பொறி தாமதமாக விழுந்தால் எரிதல் தாமதமாகும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதி வேலை செய்யாமலேயே சைலன்சர் வழியே வெளியே போகும். வெளியேறும் புகை அதிகம் சூடாவதால் டர்போவின் சக்கரத்தையும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் காப்பாற்ற, கடுமையான சுமையில் பல இஞ்சின்கள் கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக் குளிரவைக்கும். இழுவையும் குறையும், மைலேஜும் விழும். உயர் ஆக்டேன் பெட்ரோல் பயன் தருவது இந்த இடத்தில். புதிதாகச் சக்தியை அது சேர்ப்பதில்லை. இஞ்சின் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்ததை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறது.

அந்த இடம் நம் ஓட்டத்தில் எத்தனை முறை வருகிறது? சித்திரை வெயிலில், நாலு பேரும் சாமான்களுமாக, ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறீர்கள். வளைவிலிருந்து வெளியே வரும்போது மூன்றாவது கியரில் 1,700 சுற்றில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கிறீர்கள். சுற்று குறைவு, சுமை அதிகம், உள்ளே வரும் காற்று கொதிக்கிறது: நாக்கிங்குக்கு வேண்டிய எல்லாம் கூடிவந்துவிட்டது. இங்கே 91-க்கும் 95-க்கும் வித்தியாசம் உண்டு. அதே கார் திங்கள் காலையில் கிண்டியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது டர்போ அழுத்துவதே சொற்பம். அங்கே 100 ஆக்டேன் ஊற்றினாலும் இஞ்சினுக்கு அது தெரியவே தெரியாது. பலருடைய காரும் ஆண்டில் முக்கால்வாசி நாள் கிண்டியில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அங்குள்ள ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2016-இல், சாதாரண பெட்ரோல் போதும் என்று கம்பெனி சொன்ன கார்களில் பிரீமியம் போட்டுச் சோதித்தது. குறிப்பிடும்படி எந்தப் பயனும் இல்லை. அமெரிக்கர்கள் ஓராண்டில் 210 கோடி டாலரை இப்படி வீணாக்குகிறார்கள் என்று கணக்கிட்டது. அடுத்த ஆண்டு, பிரீமியம் கட்டாயமில்லை, ஆனால் பரிந்துரைக்கப்படுகிறது என்ற வகைக் கார்களை எடுத்துக்கொண்டது. மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதமும் திறன் 1.4 சதவீதமும் கூடின. 2019-இல் கார் அண்ட் டிரைவர் இதழ், சாதாரண பெட்ரோலுக்கென்றே வடிவமைத்த 1.5 லிட்டர் டர்போ ஹோண்டா சிஆர்-வியில் பிரீமியம் ஊற்றியது. அளவு மேடையில் 7 குதிரைத்திறன் கூடிற்று. ஓடுபாதையில் கார் வேகமாகவில்லை. அதே சோதனையில் ஃபோர்டின் 3.5 லிட்டர் இரட்டை டர்போ பிக்கப் வண்டி, சாதாரண பெட்ரோலில் 60 மைல் வேகம் தொட அரை நொடிக்கு மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டது. இரண்டும் டர்போதான். ஒன்றின் கணினி உயர் ஆக்டேனுக்கு இடம் வைத்திருந்தது, மற்றதில் அந்த இடம் குறைவு. (அமெரிக்க பங்க்கில் 87 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அவர்கள் அளக்கும் முறை வேறு. அந்த 87 நம்முடைய 91-க்கு ஏறக்குறைய சமம்.)

அப்படியானால் உங்கள் காரின் கணினியில் இடம் இருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரையும் கையேட்டையும் பாருங்கள். குறைந்தபட்சம் 91 என்று மட்டும் இருந்தால் விஷயம் முடிந்தது. ஸ்கோடா போன்ற ஐரோப்பியக் கம்பெனிகளின் கையேடுகளில் 95/91 என்று சாய்கோடு போட்ட இரட்டை எண்ணைப் பார்க்கலாம். 95-ஐப் பரிந்துரைக்கிறோம், 91-உம் போடலாம், இழுவை சற்றுக் குறையும் என்பது அதன் அர்த்தம். 95-க்கு மேல் போனால் தனிப் பயன் இல்லை என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். குறைந்தபட்சம் 95 என்று எழுதியிருந்தால் பேரம் பேச வேண்டாம்; அதைத்தான் போட வேண்டும்.

பணக் கணக்கு எளிது. சாதாரணம் 100 ரூபாய், பிரீமியம் 108 என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் கார் 15-ஐத் தாண்டினால்தான் கொடுத்த காசு திரும்பும். 2.7 சதவீதம் கூடினால் 14.4-தான் வரும். 100 ஆக்டேனைப் பற்றிப் பேசவே வேண்டாம். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100-ஐ அறிமுகப்படுத்தியபோது டெல்லியில் அதன் விலை லிட்டர் 160 ரூபாய். மைலேஜுக்காக பிரீமியம் என்ற வாதம் இந்தக் கணக்கில் நிற்காது. மலையேற்றத்தில் கிடைக்கும் இழுவைக்காக, ஓட்டும் இன்பத்துக்காக என்று சொன்னால் அது நேர்மையான காரணம், கொடுக்கட்டும்.

இத்தனையும் நேற்றைய பெட்ரோலை வைத்துப் பேசியது. இன்று சாதாரண நாசிலிலிருந்து வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலின் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டும். ஆவியாகும்போது பெட்ரோலைவிட அதிகமாகக் குளிரவும் வைக்கும். டர்போ இஞ்சினுக்கு இரண்டுமே சாதகம். பிஎஸ்6 காலத்தில் 91 ஆக இருந்த சாதாரண பெட்ரோலின் ஆக்டேன், இ20 கலவையில் 95-ஐ எட்டுகிறது என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. அப்படியென்றால் 95 என்று பெயர் வைத்து விற்கும் பிரீமியத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம், ஆக்டேனைப் பொறுத்தவரை பெரும்பாலும் எதற்கும் இல்லை. இந்தக் கேள்வியை எண்ணெய் நிறுவனங்களிடம் வாடிக்கையாளர்கள் இன்னும் உரக்கக் கேட்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான். சாதாரண நாசிலிலும் ஆக்டேன் எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுவதில் அவர்களுக்கு என்ன சிரமம்?

இ20-இல் மைலேஜ் விழுந்துவிட்டது என்று சொல்லி பிரீமியத்துக்கு மாறுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் குறைவதன் காரணம் அது. அதை ஆக்டேன் ஈடுகட்டாது. பிரீமியத்திலும் எத்தனால் கலந்திருந்தால் மாறியும் பலனில்லை.

பிரீமியத்தில் கலக்கும் சுத்திகரிக்கும் ரசாயனங்கள் தனி விஷயம். அவை இஞ்செக்டரைப் படிவில்லாமல் வைத்திருக்க உதவும். 'இன்டேக் வால்வு வரை கழுவிவிடும்' என்ற பேச்சு மட்டும் நேரடி இஞ்செக்‌ஷன் டர்போக்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அவற்றில் பெட்ரோல் அந்த வால்வைத் தொடுவதே இல்லை. சின்ன டர்போக்களின் இன்னொரு நோயான, குறைந்த சுற்றில் பொறிக்கு முன்பே பற்றிக்கொள்ளும் கோளாறுக்கும் பங்க்கில் மருந்து இல்லை. அதில் இஞ்சின் ஆயிலுக்குத்தான் பெரிய பங்கு. 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்று ஆயில் தரத்தையே அதற்காகத் திருத்தினார்கள். பெட்ரோலில் எட்டு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு, சர்வீஸில் கிடைத்த ஆயிலை ஊற்றுவது தலைகீழ்ச் சிக்கனம்.

சொந்த காரில் சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் ஒரே டேங்க்கில் தீர்ப்பு எழுத வேண்டாம். பழைய பெட்ரோல் தீர்ந்து, கணினி தன் கணக்கைத் திருத்திக்கொள்ள அவகாசம் வேண்டும். அதே சாலை, அதே சுமை, டேங்க் நிரம்ப நிரப்பி அளப்பது என்று இரண்டு மூன்று டேங்க் ஓட்டினால்தான் ஏதாவது தெரியும். ஒருவகைக் காருக்கு மட்டும் இந்தச் சோதனையே தேவையில்லை: வெளியே கொடுத்து 'ரீமேப்' செய்து, 97-ஐயோ 100-ஐயோ நம்பி டர்போ அழுத்தத்தைக் கூட்டிக்கொண்ட கார். அதற்கு உயர் ஆக்டேன் கட்டாயம். நெடுஞ்சாலையில் அது கிடைக்காத ஊரில் டேங்க் காலியானால், கிடைத்ததை நிரப்பிக்கொண்டு அடுத்த நகரம் வரை ஆக்ஸிலரேட்டரை மெதுவாகத்தான் மிதிக்க வேண்டும்.