படம் கீறுவது நேரத்தை வீணாக்குவதா?



6ஆம் தரத்தின் முதல் நாள். நாலைந்து ஊர்ப் பாடசாலைகளிலிருந்து பிள்ளைகள் வந்து ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். அன்றைக்குப் படம் கீறும் விளையாட்டு ஒன்று வைத்தால் போதும், ஆசிரியர் அறையில் கேள்வி வரும்: "இது என்ன நேசரியா? சிலபஸ் எப்ப முடிக்கிற?"

சேர்மாரே, டீச்சர்மாரே, நம்முடைய வகுப்பு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் யோசியுங்கள். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது நம் புத்தளத்துக்குத்தான். தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் ஓலைக் கொட்டில்களில் வளர்ந்தவர்கள் இன்று பெற்றோராகிவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். ஆனாலும் சண்டை வந்தால் "அகதி" என்ற சொல் இன்னும் வாயில் வருகிறது. முதல் வாரம் யார் யாரோடு ஒரு வாங்கில் உட்காருகிறார்கள் என்று பார்த்தாலே விளங்கும். இடாப்பில் பெயர் கூப்பிட்டு இதை மாற்ற முடியாது.

அதற்காக எந்தப் படமும் சரி என்று நான் சொல்லவில்லை. செயலமர்வுகளில் டிமை பேப்பரைத் தந்து "உங்கள் வீட்டைக் கீறுங்கள், ஊரைக் கீறுங்கள்" என்கிற வளவாளர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. "எந்த ஊர் சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன பதில்? மன்னாரா, புத்தளமா? பிறகு நல்ல படத்துக்குக் கைதட்டல் வேறு. அது போட்டி. கீறத் தெரியாத பிள்ளை இன்னும் ஒதுங்கிப் போகும்.

எல்லோருக்கும் ஒரே அளவில் கோணலாக வரும் படம்தான் வேண்டும். 1925இல் பாரிஸில் சர்ரியலிசக் கலைஞர்கள் விளையாடிய ஒரு விளையாட்டு இருக்கிறது. தாளை மடித்து, ஒருவர் கீறியதை மறைத்து, அடுத்தவரிடம் கொடுப்பது. நாம் வள்ளத்தை எடுப்போம். ஒரு பிள்ளை முன்பக்கம், இன்னொன்று நடு, மூன்றாவது எஞ்சின் பக்கம். விரித்தால் வகுப்பே சிரிக்கும். யாருடைய படம் என்று யாரையும் கேலி செய்ய முடியாது. உருவம் கீறக் கூடாது என்று கருதும் வீடுகளுக்கும் வள்ளத்தில் ஆட்சேபனை இல்லை.

இது ஒரு நாளோடு முடிந்தால் பயனில்லை. மட்டக்களப்பில் 1996இல், யுத்தத்தின் நடுவே, வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கியவர்கள் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக வைத்து வரையவும் களிமண் பிசையவும் விட்டார்கள். பத்து நிமிடத்துக்கு அல்ல, வாரா வாரம், மாதக்கணக்கில். நாமும் அந்த மூன்று பிள்ளைகளைத் தவணை முடியும்வரை ஒரே குழுவில் வைக்க வேண்டும். கணக்கும் விஞ்ஞானமும் அந்தக் குழுவிலேயே நடக்கட்டும்.

 ஒரு பாடவேளையில் பாதியைக் கொடுக்க மனமில்லாதவர்கள், பக்கத்துப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தயங்கும் வகுப்பில் வருடம் முழுக்கக் குழுவேலை எப்படிச் செய்விக்கிறார்கள் என்று கீழே சொல்லட்டும்.