வளையல் பெட்டியிலேயே இருக்கட்டும்!

இரண்டு மாதங்களுக்கு முன் தூத்துக்குடியிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதத்தை இன்னும் என் மேஜையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். மேலே படிக்க மனம் இல்லை. ஆனால் கை மட்டும் சும்மா இருப்பதில்லை. வார் அறுந்த செருப்பு, கிழிந்த பள்ளிக்கூடப் பை எது கிடைத்தாலும் உட்கார்ந்து தைத்துவிடுகிறானாம். இப்போது தோலில் மணிபர்ஸும் பெல்ட்டும் செய்து விற்க வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. ஐம்பது கருவிகள் அடங்கிய அழகான பெட்டி ஒன்றை விளம்பரத்தில் பார்த்துவிட்டு, அதே நினைவாக இருக்கிறான்.

"என்னிடம் இருப்பது இரண்டே வளையல். ஒன்றை அடகு வைத்து அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். சொந்தக்காரர்கள், 'போயும் போயும் செருப்புத் தைக்கிற வேலையா?' என்று சிரிக்கிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார்.

"வளையல் பெட்டியிலேயே இருக்கட்டும், அம்மா. விவரம் பின்னால் வருகிறது" என்று உடனே பதில் போட்டேன். அந்த விவரம் வேறு பல வீடுகளுக்கும் பயன்படலாம் என்பதால் இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

நான் ஏன் அத்தனை உறுதியாகச் சொன்னேன் தெரியுமா? அதே மாதிரிப் பெட்டி ஒன்று என் வீட்டுப் பரணில் தூங்குகிறது! நானும் ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியவன்தான். பெட்டியைத் திறந்தபோது எல்லாம் பளபளவென்று மின்னின. கத்தி நாலு வெட்டில் மழுங்கிற்று. குத்தூசியின் முனை வளைந்தது. பாதிக் கருவிகள் எதற்கு என்றே கடைசிவரை விளங்கவில்லை. வாங்கியது கருவி அல்ல, பெட்டி என்பது பிறகுதான் புரிந்தது.

சென்ற மாதம் வேறு வேலையாகத் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். தெருவோரத்தில் வேப்பமர நிழலில் ஒரு பெரியவர் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். என் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவருக்கு முன்னால் விரித்திருந்த சாக்கைப் பார்த்தேன். ஒரு கத்தி, ஒரு குத்தூசி, ஒரு கொக்கி ஊசி, ஒரு சுத்தியல், ஒரு குறடு, மூன்று பக்கமும் பாதம்போல் விரிந்த இரும்புக்கால் ஒன்று. எண்ணிப் பார்த்தால் ஆறுதான்!

"இவ்வளவுதானா பெரியவரே?" என்று கேட்டேன்.

"ஏன் சார், இதுவே அதிகம்லா? நாப்பது வருசமா இதை வச்சுத்தான் தைக்கேன். கத்தி மட்டும் தேய்ஞ்சு தேய்ஞ்சு மூணு நாலு மாத்தியாச்சு" என்றார். அந்தக் கத்தி கடையில் வாங்கியதல்ல. இரும்பு அறுக்கும் பெரிய வாளின் பழைய அலகை உடைத்து, கல்லில் தீட்டி, பிடிக்குத் துணி சுற்றியிருந்தார். அவர் அழுத்தவே இல்லை. தோல் வெண்ணெய்போல் விலகிக் கொடுத்தது.

அந்த ஊருக்கு இது புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கடலுக்குள் கொண்டு போனது என்ன? காலை வைத்து இறங்க ஒரு கல், மேலே இருப்பவர் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு, சிப்பியைப் பொறுக்கிப் போட ஒரு வலைப்பை. மற்றதெல்லாம் மூச்சும் பழக்கமும்தான். அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால் குறைந்த கருவியைக் கொண்டு நிறைந்த வேலை செய்யும் அந்தப் பாடம் நிற்க வேண்டியதில்லை அல்லவா?

சரி, மணிபர்ஸ் செய்யப் போகிற பையனுக்கு என்னென்ன வேண்டும்? ஏழு பொருள்கள் போதும்.

முதலாவது கத்தி. பணத்தை இதில் போடுங்கள். கூர் தங்குகிற நல்ல எஃகாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சரிவாகவும் தீட்டிய கத்தி, தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவுவதற்கும் உதவும். சீவும்போது தோலுக்கு அடியில் வழவழப்பான கடப்பைக் கல் ஒன்று இருக்கட்டும். அறுக்கும்போது ஒரே இழுப்பில் அறுக்கப் பார்க்காதீர்கள்; லேசாக இரண்டு மூன்று தடவை இழுங்கள். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். அது அறுக்காததால் நாம் அழுத்துகிறோம், அழுத்தினால் வழுக்குகிறது. இடது கை விரல்கள் ஒருபோதும் கத்தி போகும் வழியில் இருக்கக் கூடாது.

இரண்டாவது எஃகு அளவுகோல். பிளாஸ்டிக் கோலைக் கத்தி சீவிவிடும். நமக்கு வேண்டிய துண்டின் மேல் கோலை வைத்து அறுங்கள். கத்தி தவறினாலும் கழிவுப் பக்கம்தான் போகும்.

மூன்றாவது, ஜாமெட்ரி பெட்டியில் இருக்கும் டிவைடர். ஒரு முனையைத் தோலின் விளிம்பை ஒட்டி நகர்த்தினால், மறுமுனை மூன்று நாலு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நேர்கோடு போட்டுவிடும். அதுதான் தையல் கோடு. அந்தக் கோட்டின்மேல் ஒரு பழைய முள்கரண்டியை அழுத்திக்கொண்டே போனால் சம இடைவெளியில் புள்ளிகள் விழும். இதற்கென்று தனிக் கருவி இருக்கிறது. அதை முதல் பர்ஸை விற்ற காசில் வாங்கிக்கொள்ளலாம்!

நாலாவது குத்தூசி. இதன் முனையைக் கவனித்து வாங்குங்கள். சாக்குத் தைக்கிற ஊசிபோல் உருண்டையாக இருக்கக் கூடாது. சீட்டுக்கட்டின் டயமண்ட் போன்ற வடிவில் இருக்க வேண்டும். உருண்டை ஊசி தோலை நெருக்கித் துளை போடுகிறது. டயமண்ட் முனை சிறு கீறலாக வெட்டுகிறது. நூல் போன பிறகு அந்தக் கீறல் நூலைப் பிடித்துக்கொள்கிறது. எல்லாக் கீறலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் தையலும் அழகாகச் சாய்ந்து விழும். குத்தும்போது தோலுக்குப் பின்னால் விரலை வைக்காமல், சீசா மூடுகிற தக்கை ஒன்றை வையுங்கள்.

ஐந்தாவது, முனை மழுங்கிய இரண்டு ஊசிகளும், தேன்மெழுகு தடவிய வலுவான நூலும். தைக்க வேண்டிய நீளத்தைப்போல் நாலு மடங்கு நூல் எடுத்து, இரண்டு நுனிகளிலும் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரு ஊசிகளும் எதிரும் புதிருமாக நுழைய வேண்டும். இரண்டு கைகளாலும் ஒரே பலத்தில் இழுங்கள். தையல் இயந்திரத்தில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கின்றன; ஒன்று அறுந்தால் தையல் நெகிழத் தொடங்கும். கைத்தையலில் ஒரு பக்க நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்க நூல் தாங்கும். பையன் விற்கப் போகும் பர்ஸுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

ஆறாவது துளைப்பான், பெல்ட்டுக்குத் துளை போடும் குழாய் உளி. விளிம்பு முழு வட்டமாக, நசுங்காமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே ஓர் அளவு போதும். ஏழாவது மரச்சுத்தி. இரும்புச் சுத்தியால் அடித்தால் துளைப்பானின் தலை காளான்போல் விரிந்துவிடும். அடியில் ஒரு புளியங்கட்டை இருக்கட்டும். சிமெண்டுத் தரையில் வைத்து அடித்தால் வாய் மழுங்கிவிடும்.

இவற்றோடு வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பழைய பெல்ட்டின் துண்டைப் பலகையில் ஒட்டி, கூர் தீட்டும் பசையைத் தடவுங்கள். முன்பெல்லாம் நாவிதர் சவரக் கத்தியைத் தோல் வாரில் இழுப்பார், ஞாபகம் இருக்கிறதா? அதே மாதிரி, கூர்முனை பின்னால் வரும்படி இழுக்க வேண்டும். முன்னால் தள்ளினால் தோல்தான் அறுபடும். வேலைக்கு உட்காரும்போதெல்லாம் பத்துப் பன்னிரண்டு இழுப்பு போதும்.

இனித் தூத்துக்குடிக்காரர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதுதான் உப்பு.

தோல் தொழிலே உப்பில்தான் ஆரம்பமாகிறது. உரித்த பச்சைத் தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் வரை உப்புப் போட்டு வைக்கிறார்கள். உப்பு தோலிலுள்ள நீரை இழுத்துவிடுவதால் கிருமி வளர முடிவதில்லை. ஆனால் தோலைக் காப்பாற்றுகிற அந்த உப்பே கருவிக்கு எமன். கடற்காற்றில் ஓர் இரவு மேஜையில் கிடந்த கத்தி காலையில் பழுப்புப் புள்ளி போட்டிருக்கும்.

துருப்பிடித்தால் கத்தி மட்டும்தானே கெடும் என்று எண்ண வேண்டாம். பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோலில் துவர்ப்புச் சத்து உண்டு. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்கள் அல்லவா? துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்புத்தான். ஈரமான தோலில் துருப்பிடித்த கத்தி பட்டால் அங்கேயே மை உண்டாகிவிடும்! ஒரு வாரம் உழைத்துத் தைத்த பர்ஸ் ஒரு நிமிஷத்தில் பாழ்.

ஆகையால் வேலை முடிந்ததும் கருவிகளைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை ஒரு துளி தடவி, இறுக மூடும் தகர டப்பாவில் வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் வருகிறதே, அதைத் தூக்கி எறியாமல் டப்பாவுக்குள் போடுங்கள். கத்தியைத் தோல் உறையில் போட்டு வைப்பது பார்க்க அழகுதான். ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். வெளியூருக்கு எடுத்துப் போக மட்டும் உறை போதும். மறுநாள் தோலைத் தொடுமுன் எண்ணெயைத் துடைத்துவிட மறக்க வேண்டாம்.

பழகுவதற்கு முழுத்தோல் வாங்காதீர்கள். சென்னைப் பெரியமேட்டில் துண்டுத் தோல் எடைக்குக் கிடைக்கிறது. சாயம் ஏற்றாத துண்டின் வெட்டுவாயைப் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம் உப்பில் பதனிட்டது. உள்ளும் புறமும் பழுப்பாக இருந்தால் பட்டையில் பதனிட்டது. முதலில் பழுப்பை எடுங்கள். ஓரத்தை லேசாக நனைத்து மரத்துண்டால் தேய்த்தால் மெருகு ஏறுவது இதில்தான். வேலை கைக்குப் பிடிபட்ட பிறகு முறையாகக் கற்க விரும்பினால், 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னை அடையாற்றில் இருக்கிறது. அங்கே பயிற்சிகளும் உண்டு.

சிரிக்கிற சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது? அவர்கள் இடுப்பில் இருக்கும் பெல்ட்டும், அதைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போது காலில் இருக்கும் செருப்பும் யார் கைவேலை என்று கேளுங்கள். சபாவில் மிருதங்கத்துக்குத் தலையாட்டுகிறோம். அந்த நாதம் எழும்புவது ஒருவர் தோலை அறுத்து, வாரை இழுத்துக் கட்டியதால்தான். வேலையில் கேவலம் இல்லை. அதைச் செய்கிறவரைத் தெருவோரத்தில் உட்கார வைத்துவிட்டு ஏளனம் பேசுவதுதான் கேவலம்.

இவ்வளவையும் அந்தத் தாயாருக்கு விவரமாக எழுதிப் போட்டிருந்தேன். வேப்பமரத்தடிப் பெரியவரைப் போய்ப் பார்க்கும்படியும் குறிப்பிட்டிருந்தேன். சென்ற வாரம் பதில் வந்தது. பையன் தினமும் சாயங்காலம் அங்கே போய் உட்காருகிறானாம். கத்தி தீட்டுவதற்கு மட்டும் பெரியவர் பத்து நாள் பழக்கினாராம். தக்கை வைக்க மறந்து இடது கட்டைவிரலில் ஒரு குத்து வாங்கியாயிற்று. முதல் பர்ஸின் ஒரு பக்கத் தையல் கோணல், மறுபக்கம் சுமார். அதை விற்கவில்லை, அம்மாவே வைத்துக்கொண்டாராம்.

கடிதத்தின் அடியில் ஒரு வரி: "வளையல் கையில்தான் இருக்கிறது."